இருமினாலே சிறுநீர் கசிகிறதா? இடுப்புத்தளப் பயிற்சி: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பெண்கள் நல பிசியோதெரபிஸ்ட்

54 வயசு. பீரியட்ஸ் நின்னு 3 வருஷம் ஆச்சு. தும்மினா, குடத்தைத் தூக்கினா கசியுது. கீகல் பயிற்சி செய்யச் சொல்றாங்க. எந்தத் தசைன்னே பிடிபடல, மேடம்.

கீகல் என்பது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பாதிப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே சிறுநீர்த் துவாரம் வரை முன்னால் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். சரியாக வருகிறதா என்று பார்க்க, கெட்டியான நாற்காலியில் சின்ன டவலைச் சுருட்டி நீளவாக்கில் வைத்து, அதன்மேல் உட்காருங்கள். அடிப்பகுதி டவலை விட்டு மேலே எழும்புவது போல் தெரிந்தால் சரி. டவலை அழுத்தினால் முக்குகிறீர்கள். அது கசிவைக் கூட்டும். பிட்டமும் தொடையும் சும்மா இருக்கட்டும். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு அடைபடாது.

எத்தனை தடவை, எவ்வளவு நேரம்?

நழுவாமல் எத்தனை வினாடி பிடிக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் தொடக்கம். 3 வினாடி என்றால் 3. பிறகு அதே அளவு நேரமாவது முழுசாகத் தளர்த்துங்கள். தளர்த்தாத தசை அடுத்த தடவை இறுகாது. அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். இப்படி 8 முதல் 10 தடவை, அப்புறம் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் வேகப் பிடிப்பு 10. இது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 3 சுற்று. மெல்ல மெல்ல 10 வினாடி வரை ஏற்றுங்கள். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்று. நிற்கும்போதுதானே கசிகிறது! குறைந்தது 3 மாதம் விடாமல் செய்துவிட்டுப் பலனைப் பாருங்கள்.

3 மாசம் செஞ்சாச்சு மேடம். பிடிப்பு நல்லா வருது, ஆனா இருமல் வந்தா மட்டும் கசியுது.

தசைக்குப் பலம் வந்திருக்கிறது, நேரம் பழகவில்லை. இருமல் தொண்டைக்கு வந்ததுமே இறுக்குங்கள். இருமி முடித்த பிறகு விடுங்கள். குடம், சிலிண்டர் தூக்குமுன்னும் இதேதான்: முதலில் இறுக்கம், மூச்சை வெளியே விட்டபடி தூக்கல். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ராமிப்ரில், எனாலபிரில் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

யூரின் போகும்போதே நடுவில நிறுத்தி நிறுத்திப் பழகலாமா?

வேண்டாம். சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகும், தொற்றுக்கு வழி.

எனக்கு இருமினா ஒண்ணும் ஆகல. வீட்டு வாசல்ல சாவியை எடுத்தாலே அடக்க முடியாம போயிடுது.

உங்களுடையது வேறு வகை. சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குகிறது. அப்போது ஓடக் கூடாது. ஓடினால் பை குலுங்கும், கவனமும் அதிலேயே நிற்கும். அசையாமல் நின்று 5, 6 வேகப் பிடிப்பு போடுங்கள். அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போங்கள். கூடவே 3 நாள் எப்போது போனீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். மணிக்கொரு முறை போகிறவர் என்றால், 15 நிமிடம் தள்ளிப் போடுங்கள். அது பழகியதும் இன்னும் 15. 3 மணி நேர இடைவெளி வந்தால் போதும். குறைந்தது 6 வாரம் ஆகும். காபி, டீயைக் குறைப்பது இந்த வகைக்கு உதவக்கூடும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து அங்குள்ள திசு மெலிந்து உலர்ந்தாலும் அவசரம் கூடும். பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உங்களுக்கு ஏற்றதா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மா பயந்துபோய் தண்ணியே குடிக்கறதில்ல.

குடிக்கச் சொல்லுங்கள். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும். மலச்சிக்கல் வந்து முக்கினால் இந்தத் தசைக்கே கேடு. வேறு தடை இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர். இரவு படுக்கும் நேரத்தில் மட்டும் குறைக்கலாம்.

பயிற்சி செஞ்சா அடிவயிறு வலிக்குது. பல்லைக் கடிச்சிட்டு தொடரலாமா?

நிறுத்துங்கள். சிலருக்குத் தசை பலவீனமாக இல்லை, எப்போதும் இறுகியே கிடக்கிறது. அதற்கு முதலில் தளர்த்தக் கற்றுத்தர வேண்டும். நேரில் பரிசோதித்தால்தான் தெரியும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, கீழே ஏதோ இறங்குவது போல் உணர்வு இருந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, திடீரென்று உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.