'நாட்' என்றால் முடிச்சா, வேகமா?

கேள்வி: கப்பலின் வேகத்தையும் 'நாட்' என்கிறார்கள், கயிற்று முடிச்சையும் 'நாட்' என்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, நேரடிச் சம்பந்தமே! பாய்மரக் கப்பல் காலத்தில், ஓரத்தில் ஈயம் பதித்த மரப்பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பலகை நீரில் நின்றுவிடும். கப்பல் நகர நகர, உருளையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போகும். அதில் சுமார் 47 அடிக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் மாலுமியின் கைவழியே எத்தனை முடிச்சு போகிறதோ, அத்தனை நாட் வேகம். என்ன அருமையான கணக்கு! இன்று ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அப்புறம், 'மணிக்கு 20 நாட்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மணிக்கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.