வன்னியில் கணிதப் பாடத்திட்டம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கணித ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சாதாரண தரக் கணிதப் பாடத்திட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இன்றைய விஷயம். சோதனையில் என்ன வரும் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பாடசாலையில் கணிதச் சித்தி குறைவு. பாடத்திட்டம் எங்களுக்குப் பொருந்தவில்லை என்று மதிப்பீட்டு அறிக்கையில் எழுதலாமா சேர்?

எழுதாதீர்கள் பிள்ளை. சித்தி வீதம் பாடத்திட்டத்தின் தராசு அல்ல. 2007இல் ஒரு சீர்திருத்தம் வந்தது. அதைப் படித்த எங்கள் பிள்ளைகள் 2009இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அவர்களின் பெறுபேற்றை வைத்து அந்தப் பாடத்திட்டம் நல்லதா கெட்டதா என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் பாருங்கள். முதலாம் வினாத்தாளுக்கு 100, இரண்டாவதற்கு 100, கூட்டி இரண்டால் வகுப்பது. 'எஸ்' எனப்படும் சாதாரண சித்திக்கு 35 போதும். அப்படியென்றால் முதல் தாளில் 70 எடுத்த பிள்ளை, இரண்டாவதில் ஒன்றுமே எழுதாவிட்டாலும் சித்திதான். அந்தப் பிள்ளைக்குக் கேத்திரகணித நிறுவல் வருமா வராதா என்று அந்த 'எஸ்' சொல்லாது.

எழுதப்பட்ட பாடத்திட்டம், வகுப்பில் நடந்தது, பிள்ளையிடம் சேர்ந்தது என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியே பாருங்கள். ஆசிரியர் வழிகாட்டியில் ஓர் அலகுக்கு எத்தனை பாடவேளை என்று இருக்கும். உங்கள் பதிவேட்டில் எத்தனை நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாம் தவணையில் மாரி மழையும் வெள்ளமும் எத்தனை நாளைத் தின்றன என்றும் எழுதுங்கள். நடக்காத பாடத்துக்குப் பாடத்திட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நடந்தும் ஏறாத பாடம் எது என்று கண்டுபிடித்தால் அதுதான் மதிப்பீடு.

விசுவமடுவிலிருந்து ஒரு தகப்பன்: வயல் செய்கிற பிள்ளைக்குப் பங்குச் சந்தையும் வட்டியும் எதற்கு ஐயா? அதை எடுத்துவிட்டு நெல்லுக் கணக்கு வைக்கலாமே.

பங்குச் சந்தைக்காக உங்களோடு சண்டை பிடிக்க மாட்டேன். வட்டியைத் தொட விடமாட்டேன்.

வீடு வீடாக நுண்கடன் வந்த ஊர் எங்களுடையது. ஒரு இலட்சம் ரூபாய், 12 மாதம், வருடத்துக்கு 24 வீதம் என்று சொல்லித் தருகிறார்கள் என்று வையுங்கள். வட்டி 24,000. மாதம் 10,333 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் முதல் மாதம் ஒழிய முழு இலட்சமும் உங்கள் கையில் இல்லை, மாதாமாதம் முதலும் குறைகிறது. குறைந்துசெல்லும் மீதி முறையில் மாத அலகுகள் 12இலிருந்து 1 வரை கூட்டினால் 78. ஒரு மாதத்தில் கட்டும் முதல் 8,333. 24,000ஐ 78ஆல் வகுத்து, அதை 8,333ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 3.7 வீதம், வருடத்துக்கு 44. இது தரம் 11 கணக்கு. உங்கள் மகள் இதைக் கற்றால் கையெழுத்து வைக்கிற அம்மாவைத் தடுப்பாள்.

அதே தகப்பன்: கணக்கு விளங்கினாலும் பசளைக்குக் காசு வேண்டுமே. கடன் வாங்காமல் என்ன செய்வது?

அது நியாயமான கேள்வி. அதற்குக் கணித பாடம் மருந்தில்லை. ஆனால் இரண்டு கடனில் எது மலிவு என்று தெரிந்து வாங்குவதும் தெரியாமல் வாங்குவதும் ஒன்றல்ல.

புதுக்குடியிருப்பு ஆசிரியர் இடையில்: பிள்ளைகள் சூத்திரத்தை மனனம் செய்து 78 என்று எழுதுகிறார்கள். 24 எப்படி 44 ஆனது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அப்ப பாடத்திட்டம் வென்றதா?

தம்பி, இதைத்தான் காலையிலிருந்து தேடினேன். அது தோல்விதான். பாடத்திட்டத்தில் தேர்ச்சி, அதாவது விளங்கிச் செய்யும் திறன், என்று எழுதிவிட்டு, சோதனையில் படிமுறைக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் மனனம்தான் வளரும். குறையை அலகில் எழுதாதீர்கள், கேள்வி கேட்கிற விதத்தில் எழுதுங்கள். பிள்ளையிடம் அடுத்த முறை "எந்தக் கடனை அம்மா எடுக்கலாம், ஏன்?" என்று கேளுங்கள். விடைத்தாள்களை அப்படியே எடுத்து வையுங்கள், அறிக்கைக்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

நெல்லுக் கணக்குக் கேட்டவருக்கும் ஒன்று: அரியத்தின் (இரு முனையும் ஒரே வடிவமான திண்மத்தின்) கனவளவுக்குக் குளக்கட்டை எடுங்கள். மேலகலம் 3 மீற்றர், அடி 15, உயரம் 4, நீளம் 50. சரிவகப் பரப்பு 36, மண் 1,800 கனமீற்றர். அதைக் கியூப்பில் (ஒரு கியூப் 100 கன அடி) சொல்லச் சொன்னால் உழவு இயந்திரம் ஓடுகிற பிள்ளை வாத்தியாருக்கு முன்னால் விடை சொல்வான், 636 அளவில்.

வவுனியா: மடக்கை அட்டவணை இன்னும் தேவையா?

அட்டவணை பார்க்கப் பழக்குவதற்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. மடக்கை என்ற எண்ணக்கரு தேவை.

துணுக்காய்: எந்த எந்த அலகுகளைக் குறைக்கலாம்?

முதலில் பதிவேட்டை எடுத்து வாருங்கள், பிறகு கேளுங்கள்.

மல்லாவி: சேர், எங்கள் சித்தி வீதம் 40. பாடத்திட்டம் சரியா?

மேலே முதல் பதிலை வாசியுங்கள். இரண்டாம் முறை எழுதமாட்டேன்.

மன்னார்: ஆங்கில மொழிமூலம் நல்லதா?

என் துறை அல்ல. மொழி ஆசிரிய ஆலோசகரிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் மாணவி: 78 எப்படி வந்தது என்று விளங்கவில்லை ஐயா.

நல்ல கேள்வி மகள். முதல் மாதம் 12 பங்கு கடனும் உன்னிடம். ஒன்றைக் கட்டிவிட்டாய், இரண்டாம் மாதம் 11 பங்கு. கடைசி மாதம் 1. ஒவ்வொரு மாதமும் கையில் இருந்த பங்குகளைக் கூட்டிப் பார். 12 கட்டங்களுக்குப் படிக்கட்டு மாதிரி ஒரு படம் வரைந்து பார்.