பழைய சர்வர் சொன்ன நேரத்துக்கு ரீஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன். நான் லாகினில் இருந்தால்தான் ஓடுகிறது.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டாஸ்க்கின் முதல் பக்கத்தில், யூசர் லாகினில் இருந்தால் மட்டும் ஓடு என்ற தேர்வு இருக்கிறது. அதை மாற்றினால் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் ஓடும், ஆனால் பாஸ்வேர்டை மாற்றிய மறுவாரம் மறுபடி நிற்கும். பேசாமல் விண்டோஸின் சொந்தக் கணக்கான 'சிஸ்டம்' கணக்கில் ஓட விடுங்கள். அதற்கு லாகினும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

கேள்வி: நான் எதையும் ஷெட்யூல் செய்யவில்லை. ஆனாலும் இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 1074 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த புரோகிராம், எந்தக் கணக்கு கேட்டது என்று அதிலேயே இருக்கும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். 1074 இல்லாமல் 41, 6008 மட்டும் இருந்தால் யாரும் கேட்கவில்லை, மெஷின் விழுந்து எழுந்திருக்கிறது. அப்போது பவர் சப்ளை, சூடு, ரேம், நீலத்திரை என்று தேடுங்கள். டாஸ்க்கை நோண்டிப் பயனில்லை.

கேள்வி: லினக்ஸ். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் என்று நினைத்து, நேரத்துக்கு வேலையை ஓட்டும் கிரானில் '0 3 1-7 * 0' எழுதினேன். முதல் வாரம் முழுக்க தினமும் ரீஸ்டார்ட்!

பதில்: இதில் விழாதவர்கள் குறைவு, நானும் விழுந்தவன்தான். தேதி (மூன்றாவது இடம்), கிழமை (ஐந்தாவது இடம்) இரண்டிலும் எதையாவது எழுதினால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். அதாவது 1 முதல் 7 வரை எல்லா நாளும், போதாக்குறைக்கு எல்லா ஞாயிறும். லாகைப் பாருங்கள், 3-வது ஞாயிறும் ஆகியிருக்கும். கிழமை இடத்தில் நட்சத்திரம் போட்டுவிட்டு, இன்று ஞாயிறா என்ற சோதனையைத் தனி ஸ்கிரிப்டில் வையுங்கள். கிரான் வரியிலேயே எழுதினால், சோதனையில் வரும் சதவீதக் குறிக்கு (%) முன் பின்சாய்கோடு (\) வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே கட்டளை அறுந்துவிடும். அப்புறம், ஷட்டவுன் கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுங்கள்.

கேள்வி: ரீஸ்டார்ட் நேரத்துக்கு நடக்கிறது. ஆனால் மெஷின் திரும்பி வருவதில்லை.

பதில்: மானிட்டரைச் செருகிப் பாருங்கள். 'எஃப்1 அழுத்தவும்' என்று காத்துக்கொண்டிருக்கும். ஃபேன் பழுது, பேட்டரி தீர்ந்தது, கீபோர்டு இல்லாதது என்று எதற்கும் பழைய பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் புரோகிராம்) நின்றுவிடும். பிழை வந்தால் நிற்பதை பயாஸிலேயே அணைக்கலாம். பின்னால் மறந்துபோன பென்டிரைவ் இருந்தால் உருவிவிடுங்கள்.

கேள்வி: இப்போது ரீஸ்டார்ட்டுக்கு ஒரு நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: விண்டோஸ் என்றால் ஷட்டவுன் கட்டளையோடு '/ஏ', லினக்ஸ் என்றால் '-சி', இரண்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில். சீக்கிரம்.