குன்னூரில் ஓடுகிற கண்ணாடிக் கடையை வாங்கலாமா?

கேள்வி: பி.ஆப்டம் (கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு) முடித்துவிட்டுக் கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குன்னூர் பக்கம். அங்கே 28 வருடமாக நடக்கும் ஆப்டிகல்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. உரிமையாளருக்கு 64 வயது, பிள்ளைகள் வெளிநாட்டில். கருவிகளுக்கு 6 லட்சம், ஸ்டாக்குக்கு 7 லட்சம், குட்வில் (கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் தரும் விலை) 9 லட்சம், ஆக 22 லட்சம் கேட்கிறார். 11,000 பேஷன்ட் கார்டு இருக்கிறதாம். கடை நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது. வாங்கலாமா, இல்லை புதிதாக ஒன்று தொடங்குவது நல்லதா?

பதில்: வாங்கலாம். ஆனால் இந்த விலைக்கு அல்ல, இந்த முறையிலும் அல்ல. கோத்தகிரியில் 16 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நானும் இப்படி ஒருவரிடம் வாங்கியவன்தான். அதில் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கட்டடத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நகராட்சிக் கடைக்கு அவர் வாடகைதாரர் மட்டுமே. அந்த உரிமையை அவராகவே உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், கடையை ஒதுக்கிய அலாட்மென்ட் அவர் பெயரிலேயே இருக்கும், உங்களுக்குள் ஸ்டாம்ப் பேப்பரில் ஒன்று எழுதிக்கொண்டு நீங்கள் உள்வாடகைக்கு இருப்பீர்கள். நகராட்சிக் கணக்கில் அந்தக் கடையில் நீங்களே இல்லை. சில இடங்களில் விற்பவரே உள்வாடகையில்தான் இருப்பார், அலாட்மென்ட் எப்போதோ காலமான ஒருவர் பெயரில் இருக்கும்! தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு அது பொருந்தாது. வாடகை பாக்கிக்காக ஊட்டி மார்க்கெட்டில் 2021இல் கடைகளுக்குச் சீல் வைத்ததை நாமெல்லாம் பார்த்தோம். மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் ஊட்டிக்கும் வந்தது, குன்னூருக்கும் வந்தது. அதனால் அலாட்மென்ட் ஆர்டர், கடைசி வாடகை ரசீது, பாக்கி இல்லை என்ற கடிதம் மூன்றையும் கையில் வாங்கிய பிறகுதான் விலை பேச வேண்டும். பெயர் மாற்றத்துக்கு நகராட்சி ஒப்புக்கொள்ளுமா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாது என்றால் அதே தெருவில் தனியார் கட்டடத்தில் ஓர் இடம் பார்த்து, கருவி, கார்டு, போன் நம்பர் ஆகியவற்றை மட்டும் வாங்குவது மேல்.

போன் நம்பர் என்றேன், அது விளையாட்டில்லை. கண்ணாடி உடைந்தால் ஜனங்கள் கடையைத் தேடுவதற்கு முன்னால் போனைத்தான் எடுக்கிறார்கள். 28 வருடக் கடையில் அந்த நம்பர் பெரும்பாலும் உரிமையாளரின் சொந்த மொபைல் நம்பராகவே இருக்கும். வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்பும் அதில்தான் ஓடும். அந்த சிம் உங்கள் பெயருக்கு மாறாமல் குட்வில் என்று ஒரு ரூபாய்கூடத் தரவேண்டாம்.

அடுத்தது அந்த 11,000 கார்டு. குன்னூரில் கார்டு எண்ணிக்கை ஆளை ஏமாற்றும். பக்கத்திலேயே வெலிங்டன் இருக்கிறது. அங்கே ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வரும் அதிகாரிகள் குடும்பத்தோடு ஒரு வருடம் போல இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். விடுதிப் பள்ளிப் பிள்ளைகளும் படிப்பு முடிந்தால் போய்விடுவார்கள். அவர்கள் கார்டெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், ஆள்தான் திரும்பி வரப்போவதில்லை. பெட்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நூறு கார்டு உருவுங்கள். கடைசி மூன்று வருடத்துக்குள் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இரண்டாவது தடவையாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நூற்றுக்கு முப்பது பேர் தேறினால் நல்ல கடை என்பேன். அருவங்காடு, எடப்பள்ளி, சுற்றியுள்ள ஹட்டிகள் (படகர் ஊர்கள்) என்று முகவரி இருக்கும் கார்டுகள்தான் உங்களுக்குச் சோறு போடும்.

விற்பனைக் கணக்கை அவர் வாயால் கேட்காதீர்கள், லென்ஸை பவருக்கு ஏற்பச் செய்து தரும் லேபின் பில்லிடம் கேளுங்கள். ஒரு ஜோடி லென்ஸ் வாங்காமல் ஒரு கண்ணாடி விற்க முடியாது. மாதம் 150 கண்ணாடி என்று அவர் சொல்லி, கோவை லேப் பில்களில் 90 ஜோடிதான் இருந்தால், அலமாரியில் எடுத்து மாட்டுகிற ரெடி பவரை (லேபுக்குப் போகாத ரெடிமேட் கண்ணாடியை) கழித்துப் பார்த்து, மீதிக்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடத்து ஜிஎஸ்டிஆர் 2பி (கடை வாங்கிய சரக்கின் ஜிஎஸ்டி பட்டியல்) இருந்தால் இன்னும் நல்லது. அது சப்ளையர்கள் தாக்கல் செய்ததிலிருந்து தானாக வருவது, கடையை விற்பவர் தானாக அதில் ஒரு பில்லைச் சேர்க்க முடியாது. நேரில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் மே மாதக் கூட்டத்தில் போகாதீர்கள். ஆகஸ்டில், மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை போய் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்.

கருவிகளுக்கு வருகிறேன். சமவெளியில் பழைய கருவி வாங்குகிறவர்கள் வயதைப் பார்ப்பார்கள். மலையில் பூஞ்சையைப் பார்க்க வேண்டும். ஸ்லிட் லேம்பின் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) கண் வைக்கும் குழாயைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. லென்ஸின் கோட்டிங்கையே தின்றிருக்கும், துடைத்தால் போகாது. நான் வாங்கிய ஸ்லிட் லேம்பில் அது இருந்தது. எல்லாப் பேஷன்ட்டுக்கும் கண்ணின் முன்பகுதியான கார்னியாவில் லேசாகப் புகை மூட்டம் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பவர் பார்க்க மாட்டிவிடும் லென்ஸ்கள் உள்ள ட்ரயல் செட் பெட்டியின் வெல்வெட்டை முகர்ந்து பாருங்கள், நாற்றமே சொல்லிவிடும். லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரை உங்களுக்குப் பவர் தெரிந்த நாலைந்து லென்ஸ் வைத்துச் சோதியுங்கள். கண்ணின் பவரைத் தானாக அளக்கும் ஆட்டோ ரெஃபுக்குக் கூடவே வந்த மாடல் ஐயை (அளவு சரியா என்று சோதிக்கும் செயற்கைக் கண்ணை) கேளுங்கள். தொலைந்துபோச்சு என்றால் எத்தனை வருடமாக அது சோதிக்கப்படவில்லை என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்படியே டேப் வைத்து அறையையும் அளந்துவிடுங்கள். எழுத்துச் சார்ட்டைப் படிக்க ஆறு மீட்டர், இல்லையென்றால் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டி மூன்று மீட்டர் வேண்டும். குறுகலான பழைய கடைகளில் சார்ட் நாலரை மீட்டரில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாக் 7 லட்சம் என்பது அவர் வாங்கிய விலையா, கடையில் விற்கும் போர்டு விலையா? ஃப்ரேம்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒரு வருடத்துக்குள் வாங்கியதற்குப் பில் விலை, இரண்டு வருடம் வரை பாதி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஈரத்தில் நோஸ் பேட் பச்சை பூத்து, ஹிஞ்ச் துருப்பிடித்த ஃப்ரேமை யார் வாங்குவார்? காண்டாக்ட் லென்ஸ், சொல்யூஷன் எல்லாவற்றுக்கும் எக்ஸ்பயரி பாருங்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடி, லென்ஸ், ஃப்ரேம் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதற்கு முன் வாங்கிய சரக்கின் பில் தொகையை அப்படியே தலையில் கட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது 9 லட்சம் குட்வில். வருட லாபத்திலிருந்து முதலில் உங்கள் சம்பளத்தைக் கழியுங்கள். கடை மாதம் 70,000 தருகிறது, கோவையில் நீங்கள் 45,000 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையின் உண்மையான லாபம் 25,000தான், வருடத்துக்கு 3 லட்சம். இதில் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை வருடத் தொகைக்கு மேல் நான் தரமாட்டேன். அதையும் ஒரே தடவையில் தரமாட்டேன். பாதி இப்போது, மீதி ஒரு வருடம் கழித்து, பழைய கார்டுக்காரர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்த்து. முதல் ஆறு மாதமாவது வாரம் இரண்டு நாள் அவர் கடையில் உட்கார வேண்டும். "இனிமேல் தம்பிதான் பார்ப்பாரு, நம்ம பிள்ளை மாதிரி" என்று அவர் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும், ஹட்டியிலிருந்து வரும் பாட்டி உங்களிடம் கண்ணைக் காட்டுவார். நீங்களாகச் சொன்னால் வேலைக்காகாது.

எனக்கு விற்றவர் ஓய்வெடுக்கப் போகிறேன் என்றார். எட்டே மாதத்தில் இரண்டு தெரு தள்ளி மனைவி பெயரில் கடை திறந்தார். தப்பு என்னுடையது, எழுதி வாங்கவில்லை. தொழில் செய்யக்கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. குட்வில்லை விற்றவர், வாங்கியவர் அதே தொழிலை நடத்தும் வரை, குறிப்பிட்ட எல்லைக்குள் அதைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். நியாயமான எல்லையாக இருக்க வேண்டும். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று பெயர் போட்டே எழுதுங்கள், நீலகிரி மாவட்டம் முழுக்க என்று பேராசைப்படாதீர்கள். அவர் மனைவியிடமும் கையெழுத்து வாங்குங்கள். இருபது வருடமாக அங்கே லென்ஸை ஃப்ரேமில் பொருத்தும் ஃபிட்டர் யாராவது இருந்தால் அவரை இந்தப் பிரிவை வைத்துக் கட்ட முடியாது. கடைக்கு விலை பேசும்போதே அந்த ஃபிட்டரிடம் தனியாக உட்கார்ந்து டீ குடித்துப் பேசுங்கள். மாதம் இரண்டு தடவை வந்து பார்க்கும் கண் டாக்டர் யாராவது இருந்தால் அவரிடமும்தான்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதிக்கு ஆடிட்டரைப் பாருங்கள். ஓடுகிற தொழிலை மொத்தமாக வாங்கினால் அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி அவருடைய பழைய வரி பாக்கிக்கு நீங்களும் சேர்ந்து பொறுப்பு. அதனால் கொஞ்சம் பணத்தைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். வருமான வரியில் குட்வில்லுக்குத் தேய்மானம் கழிக்கும் வசதியை 2021 நிதிச் சட்டம் எடுத்துவிட்டது, கருவிகளுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது அதனால்தான் முக்கியம்.

புதிதாகத் தொடங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வருடம் வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருந்தால் தொடங்கலாம். இல்லையென்றால் மேலே சொன்ன கணக்குப்படி குட்வில்லை நாலரை லட்சத்துக்குள் இறக்கி, மற்றவற்றைப் பூஞ்சையும் பில்லும் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை மலையேறும்போது ஒரு டார்ச், ஒரு டேப், பவர் தெரிந்த நாலைந்து லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கடையைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் அலாட்மென்ட் ஆர்டரைக் கேளுங்கள்.