ஃபிளாஞ்சில் 150 என்று இருந்தால் 150 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சாயப்பட்டறையில் 10.54 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷர் உள்ள பாய்லர். ஸ்டீம் லைனுக்குப் புதிதாக வாங்கிய 2 இன்ச் ஃபிளாஞ்சில், அதாவது பைப்பை போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தில், 150 என்று அடித்திருக்கிறது. பால் வால்வின் உடம்பில் 1000 டபிள்யூ.ஓ.ஜி. என்று இருக்கிறது. ஃபிளாஞ்சு தாங்கும் அளவின் விளிம்பில் நிற்கிறது, வால்வு தாராளமாக இருக்கிறது, ஆகவே ஃபிளாஞ்சை மட்டும் 300-க்கு மாற்றினால் போதுமா என்பது கேள்வி.

நிலைமை அப்படியே தலைகீழ். அந்த ஃபிளாஞ்சு உங்கள் லைனுக்குப் போதும். பயப்பட வேண்டியது வால்வுக்குத்தான்.

குழப்பம் வருவதில் உங்கள் தவறு ஏதும் இல்லை. 10.54 கிலோவை பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்குக்கு) மாற்றினால் சரியாக 150 வரும். பாய்லரும் 150, ஃபிளாஞ்சும் 150. போதாக்குறைக்குக் கடையில் '150 பவுண்டு ஃபிளாஞ்சு' என்றே கேட்டு வாங்குகிறோம். யாருக்கும் இரண்டும் ஒன்று என்றுதான் தோன்றும்.

ஆனால் ஃபிளாஞ்சில் உள்ள 150 ஒரு வகுப்பின் பெயர்தான். ஏ.எஸ்.எம்.ஈ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் பி16.5 தரத்தில் 150, 300, 400, 600, 900, 1500, 2500 என்று வகுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு வகுப்பும் எந்த உலோகத்தில், எந்தச் சூட்டில், எத்தனை பிரஷர் தாங்கும் என்பதற்குத் தனி அட்டவணை. ஏ105 என்ற சாதாரண கார்பன் ஸ்டீலில் செய்த கிளாஸ் 150 ஃபிளாஞ்சு 38 டிகிரி வரை 19.6 பார் தாங்கும். நம் கணக்கில் 20 கிலோ. 200 டிகிரியில் அது 13.8 பாராகவும், 300 டிகிரியில் 10.2 பாராகவும், 400 டிகிரியில் வெறும் 6.5 பாராகவும் இறங்கிவிடும். கிளாஸ் 300 என்றால் 38 டிகிரியில் 51.1 பார், 300 டிகிரியில் 39.8 பார்.

இந்த விஷயம் நம் ஊர் விவசாயிக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். 6 கிலோ பி.வி.சி. பைப் என்று வாங்குகிறோமே, அந்த 6 கிலோ 27 டிகிரி சூட்டுக்குச் சொன்ன கணக்கு. மண்ணுக்குள் புதைத்தால் வருடக்கணக்காக உழைக்கும். அதையே வரப்பு மேல் சித்திரை வெயிலில் போட்டால் அந்தத் தெம்பு இருக்காது. இரும்புக்கும் இதே கதைதான், சூடு மட்டும் வேறு.

இப்போது உங்கள் லைனுக்கு வருவோம். 10.54 கிலோவில் சாதாரண ஸ்டீம் சுமார் 185 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஏ105 கிளாஸ் 150 ஃபிளாஞ்சு 14 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். நிம்மதியாக இருக்கலாம். இதே 10.54 கிலோவை ஸ்டீமை மேலும் சூடாக்கும் சூப்பர் ஹீட்டர் வைத்து 300 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதே ஃபிளாஞ்சின் வரம்பு 10.4 கிலோதான். பிரஷர் மீட்டரில் முள் அசையாமல் அதே இடத்தில் நிற்கும், ஃபிளாஞ்சோ வரம்பைத் தாண்டியிருக்கும். 'எத்தனை கிலோ?' என்று மட்டும் கேட்டுவிட்டு 'எத்தனை டிகிரி?' என்று கேட்காதவர் சொல்லும் பதிலை நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

உலோகமும் முக்கியம். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போட்டால் கூடுதல் பலம் என்று பலரும் நம்புகிறார்கள். துருவுக்கு அது சரி. பிரஷர் என்று வந்தால், 316எல் என்ற எஸ்.எஸ். ஃபிளாஞ்சு கிளாஸ் 150-இல் 38 டிகிரிக்கு 15.9 பார்தான். கார்பன் ஸ்டீலைவிடக் குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள்: ஃபிளாஞ்சின் விளிம்பில் 150-ஐத் தவிர ஏ105, பி16.5, ஹீட் நம்பர் (உலோகம் எந்த உருக்கில் வந்தது என்ற எண்), செய்த கம்பெனியின் குறி எல்லாம் இருக்கிறதா? ஒன்றுமே இல்லாவிட்டால் அது சாதாரண எம்.எஸ். இரும்பு பிளேட்டில் வட்டமாக வெட்டித் துளை போட்டதாக இருக்கலாம். துளைகள் 150-க்குப் பொருந்தும், கடைக்காரரும் 150 என்றே கொடுப்பார். மேலே சொன்ன அட்டவணை அதற்குச் செல்லாது. ஸ்டீமில் அதைப் போடாதீர்கள்.

இனி வால்வு. டபிள்யூ.ஓ.ஜி. என்றால் வாட்டர், ஆயில், கேஸ். 1000 என்பது இங்கே உண்மையிலேயே பி.எஸ்.ஐ.தான், சுமார் 70 கிலோ. ஆனால் அது குளிர்ந்த நிலைக்கான எண். அந்த மூன்று எழுத்தில் ஸ்டீம் எங்கே இருக்கிறது? உடம்பு இரும்பாக இருந்தாலும் உள்ளே பந்தை அணைத்து நிற்பது டெஃப்லான் சீட். சூடு ஏற ஏற டெஃப்லான் இளகும், தாங்கும் பிரஷர் மளமளவென்று இறங்கும். நல்ல கம்பெனிகள் கேட்லாக்கில் சீட்டுக்கென்று தனி வரைபடம் கொடுத்திருப்பார்கள். 185 டிகிரியில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்த புதிதில், ஒரு பட்டறையில் இதேபோல் 1000 என்று போட்ட பால் வால்வை ஸ்டீமில் மாட்டினோம். எண் பெரிதாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. சில மாதங்களில் கைப்பிடி இறுகியது. பிறகு மூடினாலும் உள்ளுக்குள் ஸ்டீம் கசிந்தது. ஒருநாள் வால்வை மூடியாயிற்று என்று நம்பி மிஷின் மூடியைத் திறந்த பையனுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. வால்வு வெடிக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை, அவ்வளவுதான். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

லைனில் எங்காவது பழைய வார்ப்பிரும்பு வால்வு இருந்தால் அதையும் கவனியுங்கள். கிளாஸ் 125 வார்ப்பிரும்பின் துளைகள் கிளாஸ் 150 ஸ்டீல் ஃபிளாஞ்சோடு அச்சாகப் பொருந்தும். ஆனால் ஸ்டீல் ஃபிளாஞ்சின் நடுவில் மேடு இருக்கும், வார்ப்பிரும்பு முகம் தட்டையாக இருக்கும். அப்படியே வைத்து போல்ட்டை முறுக்கினால் வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். மேட்டைக் கடைந்து தட்டையாக்கி, முகம் முழுக்க கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தகடு) போட வேண்டும்.

ஃபிளாஞ்சில் பி.என். 16 என்று வருவது வேறு தர வரிசை. அதில் எண்ணே பார்தான், சாதாரண சூட்டில் 16 பார். கிளாஸ் 150-க்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தாலும் இரண்டும் சேராது. 2 இன்ச்சில் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பி.என். 16-இல் 125 மில்லி, கிளாஸ் 150-இல் 120.7 மில்லி. துளையை ராவி நீட்டி மாட்டும் ஃபிட்டர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து விடாதீர்கள். 3 இன்ச்சில் அந்த ஆசைக்கே இடமில்லை. பி.என். 16-இல் 8 துளை, கிளாஸ் 150-இல் 4.

துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டருக்கு தெர்மிக் ஃபுளூயிட் (சூடான எண்ணெய்) லைன் இருந்தால் அங்கே கணக்கு போதாது. 250 டிகிரி எண்ணெய், பம்ப் பிரஷர் சில கிலோதான், அட்டவணைப்படி கிளாஸ் 150 தாராளம். இருந்தும் நான் 300-தான் போடுவேன். தடித்த ஃபிளாஞ்சும் கூடுதல் போல்ட்டும் கேஸ்கெட்டைச் சீராக அழுத்திப் பிடிக்கும். அங்கே ஒரு சொட்டுக் கசிவு ஊறிய இன்சுலேஷனே தீப்பிடிக்கும்.

பைப்பைத் திருப்பும் எல்போ, கிளை பிரிக்கும் டீ பற்றியும் கேட்டிருந்தீர்கள். முனையோடு முனை வைத்துப் பற்றவைக்கும் பட் வெல்டு ஃபிட்டிங்கில் கிளாஸ் கிடையாது, அதே ஷெட்யூல் (சுவர்த் தடிமன் எண்) பைப் தாங்குவதை அதுவும் தாங்கும். பைப்பை உள்ளே செருகிப் பற்றவைக்கும் ஃபோர்ஜ்டு சாக்கெட் வெல்டு ஃபிட்டிங்கில் உள்ள 3000-மும் பி.எஸ்.ஐ. இல்லை. ஷெட்யூல் 80 பைப்புக்கு இணை என்று பொருள்.

ஆக, அந்த பால் வால்வைக் கழற்றிவிட்டு டபிள்யூ.சி.பி. (வார்த்த கார்பன் ஸ்டீல்) உடம்பு, மெட்டல் சீட் உள்ள குளோப் வால்வு போடுங்கள். கிளாஸ் 150 போதும். 3.5 கிலோவுக்கு மேல் ஓடும் ஸ்டீம் லைன் ஐ.பி.ஆர். என்ற இந்திய பாய்லர் விதிகளில் வரும், ஆகவே வால்வோடு ஃபாரம் III-சி என்ற சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் வால்வின் உடம்பில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே நின்று ஒத்துப் பாருங்கள். புது வால்வு வரும்வரை மிஷின் மூடியைத் திறப்பவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: ஹெடரில் (ஸ்டீமைக் கிளை லைன்களுக்குப் பிரிக்கும் பெரிய பைப்பில்) உள்ள வால்வையும் மூடி, டிரெயினைத் திறந்து, ஸ்டீம் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.