வயதில் பொய், சுவரில் உண்மை

கேள்வி: எனக்கு 39 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். கணவர் விட்டுப்போன பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அப்புறம் பாலியல் தொழில். நான்கு வருஷமாகப் புரோக்கர் இல்லாமல் போனில் நானே பேசி, நானே முடிவு செய்து போகிறேன். விளம்பரத்தில் வயது 28 என்று போட்டிருக்கிறேன். படமும் ஏழு வருஷத்துக்கு முன் எடுத்தது, ஃபில்டர் வேறு. போன மாதம் திருச்சி லாட்ஜ் ஒன்றில் கதவைத் திறந்தவர், “படத்துல இருக்கிறவ நீ இல்லையே” என்று கத்த ஆரம்பித்துவிட்டார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தேன். “பொய் இல்லாம இந்தத் தொழில்ல விளம்பரமே இல்லடி” என்கிறாள் தோழி. உண்மையைப் போட்டால் யார் கூப்பிடுவார்கள்? மகள் கல்லூரியில் முதல் வருஷம், 18 வயது. அரசு தருகிற 1000 ரூபாய் போக மீதியெல்லாம் என் சம்பாத்தியம்தான். அவளிடம் சொல்லாமல் இருப்பதும் பொய்தானா?
பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: சகோதரி, கடிதத்தோடு அந்த விளம்பரப் படத்தையும் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். (பார்த்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன், கவலை வேண்டாம்.) அதில் முகத்துக்கு முன்னால் என் கண்ணில் பட்டது உங்கள் தலைக்குப் பின்னால் தொங்குகிற காலண்டர். நகைக்கடை பெயர், தெரு, கும்பகோணம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 2018. வயதில் பதினோரு வருஷத்தைக் கழித்துவிட்டு, ஊரையும் படத்தின் வயதையும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். உண்மை சொல்லவேண்டிய இடத்தில் பொய், மறைக்கவேண்டிய இடத்தில் உண்மை. இதை அப்படியே திருப்பிப் போடவேண்டும்.

முதலில் பொய்க்கு வருகிறேன். கொள்முதல் நிலையத்தில் “நல்லாக் காஞ்ச நெல்லுங்க” என்று எத்தனை தடவை சொன்னாலும், ஒரு கை நெல்லை அள்ளி ஈரப்பதக் கருவியில் போட்டு அது 17 சதவீதத்தைத் தாண்டினால் பேச்சு முடிந்தது. மூட்டையைப் பிரித்து மறுபடி காயவைக்க வேண்டும். அங்கே போவது இரண்டு நாளும் கூலியும். உங்களுக்கோ அந்தக் கருவி, கதவைத் திறக்கிற ஆள். முன்பின் தெரியாதவர், ஏமாந்துவிட்டோம் என்ற கோபத்தில் இருக்கிறார், அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் கதவுக்கு வெளியே நின்றிருந்ததால் ஓடி வர முடிந்தது. வயதைச் சரியாகப் போடுங்கள் என்று நான் சொல்வது அவருக்காக இல்லை. அவர் மட்டும் போனில் சொந்தப் பெயரையா சொல்லியிருப்பார்? உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

39 என்று போட்டால் அழைப்பு குறையத்தான் செய்யும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் குறைகிற அழைப்புகள் எவை? 28 வயதுக்காரியைத் தேடி, கதவைத் திறந்ததும் கத்தக்கூடியவர்களுடையவை. “முப்பதைத் தாண்டியவள்” என்று போடுவது பொய்யாகாது, அதுவே போதும். தோழி ‘காலேஜ் பொண்ணு’ என்று போடச் சொன்னால் மட்டும் ஒரேயடியாக மறுத்துவிடுங்கள். அந்த வார்த்தையைத் தேடி வருகிறவன் எதைத் தேடுகிறான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் படிக்கிற மகள் உங்களுக்கும் இருக்கிறாள்.

படம் இந்த வருஷத்துப் படமாக இருக்கட்டும். முகம் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை. கழுத்துக்குக் கீழே, வெற்றுச் சுவருக்கு முன்னால் எடுத்தால் போதும். உடம்பு இப்போது எப்படியோ அப்படித் தெரிந்தால் அது நேர்மைதான். ஆடை ஒழுங்காக இருக்கட்டும், காரணம் சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும். வேறொரு பெண்ணின் படத்தை எடுத்துப் போடுகிற வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, இணையத்தில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்ணோ?

பணத்திலும் இதே கணக்குதான். போனில் 2000, அறைக்குள் 5000 என்றால் சண்டை நிச்சயம். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எதற்கு ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுங்கள். “ஆணுறை இல்லாமல் இல்லை” என்பது பேரம் பேசுகிற விஷயமே அல்ல.

விளம்பரத்தில் இருக்கிற ‘ரிப்போர்ட் இருக்கு, நூறு சதவீதம் சேஃப்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது நீங்கள் வேண்டுமென்று சொல்கிற பொய் இல்லை, ஆனாலும் பொய். ரத்தம் கொடுத்த நாளின் நிலைமையைத்தான் ரிப்போர்ட் காட்டும்; புதிதாகத் தொற்றியிருந்தால் சில வாரங்களுக்கு அதில்கூடத் தெரியாமல் போகலாம். பரிசோதனையை விடாமல் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் சொல்கிறது. சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம்.

இனி மறைக்கவேண்டியவை. பெயர், ஊர், மகள், வீடு இதில் எதுவும் கஸ்டமருக்கு நீங்கள் தரவேண்டிய கடன் இல்லை. தொழிலுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வது ஏமாற்று ஆகாது, அதை நம்பி யாருக்கும் நஷ்டம் இல்லையே. ஆனால் உங்கள் ஜிபேயில் பணம் போடுகிறவருக்கு வங்கிக் கணக்கில் இருக்கிற பெயர் அப்படியே வரும். ட்ரூகாலரில் உங்கள் நம்பரைப் போட்டால், யாரோ எப்போதோ பதிந்து வைத்த பெயர் வரும். ஒருவேளை ‘டெய்லர் அக்கா கும்மோணம்’ என்றுகூட வரலாம். தொழிலுக்குத் தனி நம்பர், ரொக்கம். இந்த இரண்டையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் நேர்மையாக விளம்பரம் செய்யுங்கள் என்பது அரைகுறை ஆலோசனை. 1956-ம் வருஷத்து விபசாரத் தடுப்புச் சட்டம், வயது வந்த பெண் தனியாக இதைச் செய்வதையே குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் சுற்றிச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. பொது இடத்தில் அழைப்பது குற்றம். கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றாலும் குற்றம். கும்பகோணத்தில் கோயில் இல்லாத 200 மீட்டரை எங்கே போய்த் தேடுவது! இணையத்தில் ஆபாசப் படம் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு தனியாக இருக்கிறது. ஆகவே உண்மையான விளம்பரம் என்பதாலேயே அது பத்திரமானது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் உங்களுக்கு உதவுகிறவை சில உண்டு: போலீஸ் மரியாதையாக நடத்தவேண்டும், பையில் ஆணுறை இருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக்கூடாது, பத்திரிகைகள் அடையாளத்தை வெளியிடக்கூடாது. திருச்சிக்காரர் போல இன்னொருவர் கை ஓங்கினால் புகார் கொடுக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பெண் என்பதால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்; 15100-ல் கேளுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு வருகிற 1000 ரூபாய்த் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரை வைத்திருக்கிறார்கள். மூவலூர் உங்களுக்குத் தூரமில்லை, மயிலாடுதுறைக்குப் பக்கம். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடுவதை எதிர்த்தவர், தான் வளர்ந்த சூழலை மறைக்காமல் மேடை ஏறிப் பேசியவர். அதனால் நீங்களும் பேசவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆயிரம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

சொல்லாமல் இருப்பது பொய் இல்லை. அவளே ஒரு நாள் நேராகக் கேட்டு, நீங்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்றால்தான் பொய். அதுவரை காத்திருக்கலாம். இதில் ஒரு வேடிக்கையான சிக்கலும் இருக்கிறது. விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, 18 வயது தாண்டிய ஒருவர் இன்னொருவரின் இந்த வருமானத்தில் ‘தெரிந்தே’ வாழ்ந்தால் குற்றம் என்கிறது. கந்துவட்டிக்காரன் மாதிரி உட்கார்ந்து தின்கிறவனைப் பிடிக்க வந்த பிரிவு, எழுத்தைப் பார்த்தால் கல்லூரிக்குப் போகிற பிள்ளை மேலும் பாயலாம். மகளிடம் பேசுவதற்கு முன்னால் அந்த இலவச வக்கீலிடம் இதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்டு வந்து எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.