கொக்கைன்: அவசரப் பிரிவு மருத்துவரிடம் கேட்டவை

அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான். கொக்கைன் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை நீக்கிவிட்டேன்.

விருந்தில் எப்போதாவது ஒருமுறை எடுத்தால் என்ன ஆகிவிடும், டாக்டர்? அடிமையானவர்களுக்குத்தானே ஆபத்து?

லென் பயஸ் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரரை 1986 ஜூன் 17 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. 19ஆம் தேதி காலையில் அவர் இறந்துபோனார். வயது 22. கொக்கைனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிட்டது. அவரைவிட உறுதியான உடம்பு உங்களுக்கு இருக்கிறதா, தம்பி?

கொக்கைன் இதயத்தை விரட்டும். அதே நேரத்தில் அந்த இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை இறுக்கும். போதாக்குறைக்கு இரத்தம் உறையும் தன்மையும் கூடும். எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 24 மடங்கு என்று 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எத்தனையாவது முறை என்று இதயம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மதுவோடு சேர்த்தால் படபடப்பு அடங்கும் என்கிறார்களே?

அடங்கியது போலத் தோன்றும், அவ்வளவுதான். இரண்டும் உள்ளே போனால் கல்லீரல் கொக்காஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளைத் தயாரித்துவிடும். அது கொக்கைனைவிட அதிக நேரம் இரத்தத்தில் தங்கும், இதயத்துக்கும் கேடு.

கலப்படமில்லாத பொடி கிடைத்தால்?

மேலே சொன்ன எல்லாவற்றையும் கலப்படமில்லாத பொடியே செய்யும். கலப்படம் தனிக் கதை. மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான லெவாமிசோலைக் கலக்கிறார்கள். அது இரத்த வெள்ளணுக்களை அழித்துவிடக் கூடியது.

கொக்கைன் பொடியை மூக்கால் உறிஞ்சும் என் அண்ணன் மூச்சு விடும்போது மூக்கில் விசில் சத்தம் கேட்கிறது. அடிக்கடி இரத்தமும் வருகிறது. பயப்பட வேண்டுமா?

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். இரு நாசிகளைப் பிரிக்கும் நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்திய சவ்விடமிருந்துதான் அதற்குச் சாப்பாடு. கொக்கைன் அந்தச் சவ்வின் குழாய்களைத் திரும்பத் திரும்ப இறுக்கும்போது குருத்தெலும்பு பட்டினியில் சாகிறது, ஓட்டை விழுகிறது. ஒரு நாசியில் டார்ச் அடித்தால் மறு நாசியில் வெளிச்சம் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். வலி மட்டும் தெரியாது. மரத்துப்போக வைக்கும் குணம் அதற்கு. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண் அறுவை சிகிச்சைக்குக் கொக்கைன் சொட்டு விட்டதும் அந்தக் குணத்துக்காகத்தான்.

நெஞ்சு வலி வந்தால் மருத்துவமனையில் உண்மையைச் சொல்லலாமா? போலீஸ் பயமாக இருக்கிறதே.

ஓர் இரவு, இளைஞர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, கண்ணின் பாவை அகல விரிந்திருந்தது. மூன்று முறை கேட்டும் "காபி மட்டும்தான் சார்" என்றார். கூட வந்த நண்பர் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப்போய், மூக்கைத் தொட்டுக் காட்டினார். அந்த ஒரு சைகையால் மருந்துச் சீட்டே மாறியது. துடிப்பைக் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர், இந்த நிலையில் இரத்தக் குழாய் இறுக்கத்தை மேலும் கூட்டக்கூடும். முதலில் படபடப்பைத் தணிக்கும் ஊசி போட்டோம்.

பயம் வெறும் பிரமை என்று சொல்ல மாட்டேன். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கொக்கைன் எடுப்பதே குற்றம். ஆனால் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு, அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. நெஞ்சு வலி என்றால் முதலில் 108, மற்றதெல்லாம் பிறகு.

மகன் நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. எந்நேரமும் தூங்குகிறான், எழுந்தால் எரிந்து விழுகிறான். மாத்திரை ஏதாவது உண்டா, ஐயா?

அம்மா, இந்தப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. பலன் தருவது தொடர்ச்சியான உளவியல் ஆலோசனைதான். 14446 என்ற இலவச எண்ணில் அருகிலுள்ள மையத்தைக் கேட்டு அறியலாம். தூக்கமும் எரிச்சலும் எதிர்பார்த்தவையே. ஆனால் வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வாயில் வந்தால் தனியே விடாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். இப்போது திட்ட வேண்டாம், தூங்கட்டும். சோற்றை மூடி வையுங்கள். எழுந்ததும் நன்றாகப் பசிக்கும்.